அணிவகுப்பைப் பார்த்து எதிரி பயப்படுவானா?

கேள்வி: தலைநகர் வீதியில் டாங்கிகளும் ஏவுகணைகளும் வரிசைகட்டிப் போவதைப் பார்த்தால் எதிரிக்குக் குலை நடுங்கும், அந்த நாட்டின் மேல் எவனும் கைவைக்க மாட்டான் என்கிறார் என் நண்பர். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர் 1939 ஜூலை 14 அன்று பாரிஸில் இருந்திருக்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியின் 150-வது ஆண்டு விழா. ஷான்ஸ் எலிசே சாலையில் பிரமாண்டமான அணிவகுப்பு. கூட்டாளி நாடான பிரிட்டனின் வீரர்களும் கூடவே நடந்தார்கள், அவர்களுடைய விமானங்கள் மேலே பறந்தன. ஐரோப்பாவிலேயே பலமான படை இதுதான் என்று ஜனங்கள் பூரித்துப் போனார்கள். சரியாகப் பதினோரு மாதம் கழித்து, 1940 ஜூன் 14 அன்று, அதே சாலையில் மறுபடியும் ராணுவ அணிவகுப்பு நடந்தது. இம்முறை நடந்தது ஜெர்மன் படை.

எதிரியை ஏமாற்ற வேண்டுமானால் அணிவகுப்பு உதவும். 1965-இல் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் ஊர்வலம் விட்ட ஜிஆர்-1 ஏவுகணை கடைசிவரை படையில் சேரவே இல்லை.

உண்மையில் இந்தக் காட்சி வெளியாருக்கானதல்ல, உள்ளூர்க்காரர்களுக்கானது. 1941 அக்டோபரில் ஜெர்மானியர்கள் நெருங்கி வர, மாஸ்கோவில் பீதி. அரசு அலுவலகங்களே ஊரைக் காலிசெய்துகொண்டிருந்தன. அந்த நிலையில் நவம்பர் 7 அன்று ஸ்டாலின் வழக்கமான அணிவகுப்பை நடத்திக் காட்டினார். 'நாங்கள் ஓடிவிடவில்லை' என்று மாஸ்கோ மக்களுக்குச் சொல்வதுதான் நோக்கம். நடந்த வீரர்களில் பலர் அங்கிருந்து நேராகப் போர்முனைக்குப் போனார்கள். நான் மதிக்கும் அணிவகுப்பு அது ஒன்றுதான். மற்றதில் பெரும்பாலானவை மேடையில் நிற்பவருக்கான அலங்காரம். அந்த மேடையாவது பத்திரமான இடமா என்றால் அதுவும் இல்லை. 1981 அக்டோபர் 6 அன்று கெய்ரோவில் எகிப்து அதிபர் சதாத்தைச் சுட்டவர்கள், அவர் முன்னால் அணிவகுத்து வந்த ராணுவ லாரியிலிருந்து குதித்தவர்கள்தான்.

அப்புறம், தோளோடு தோள் உரச ஒரே சீராக நடக்கிறார்களே, அது ஒரு காலத்தில் நிஜமான போர்ப் பயிற்சி. பழைய மஸ்கெட் துப்பாக்கியில் குறி தப்பும், ஒவ்வொரு முறையும் மருந்து கெட்டிக்க வேண்டும். எனவே நெருக்கமாக நின்று மொத்தமாகச் சுட்டார்கள். இயந்திரத் துப்பாக்கி வந்த பிறகு களத்தில் அப்படி நடந்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். ஆனாலும் பேண்டு வாத்தியம் முழங்கினால் என் காலும் தாளம் போடத்தான் செய்கிறது!