மெடிக்கல் அண்ணாச்சி பதில்கள்: சீட்டு செங்கோட்டைல, மாத்திரை தீந்தது புனலூர்ல

அண்ணாச்சி, எங்க அப்பாவுக்கு வலிப்பு மாத்திரை பல வருஷமா ஓடுது. கேரளாவுல, புனலூர்ல அத்தை வீட்டு கல்யாணத்துக்கு போன இடத்துல மாத்திரை தீந்துபோச்சு, டாக்டர் சீட்டு இங்க பீரோக்குள்ள கெடக்கு. காலி அட்டைய காட்டினதுக்கு ரெண்டு மெடிக்கல்லயும் "குறிப்படி உண்டோ"ன்னு (டாக்டர் சீட்டு இருக்கான்னு) கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. அவசரத்துக்கு ரெண்டு நாள் மாத்திரை குடுக்க சட்டத்துல வழியே கெடையாதா?
- ஒரு வாசகி, செங்கோட்டை

தாயி, அப்புறம் அப்பா எப்படி இருக்காங்கன்னு எழுதாம விட்டுட்டீங்களே, நல்லாதான் இருப்பாங்கன்னு நெனச்சுகிட்டு சொல்லுதேன்.

அந்த கடைக்காரங்க மேல கோவப்படாதீங்க. 1945ல வந்த மருந்து விதிகள்ல 65ன்னு ஒரு விதி இருக்கு, மெடிக்கல் லைசென்ஸே அத நம்பித்தான் ஓடுது. ஷெட்யூல் எச், அதாவது சீட்டு இருந்தாதான் விக்கலாம்னு பட்டியல் போட்ட மருந்துன்னா டாக்டர் கைப்பட கையெழுத்தும் தேதியும் போட்ட சீட்டு வேணும், நோயாளி பேரு, அட்ரஸ், டோஸு, மொத்தம் எத்தனன்னு அதுல இருக்கணும். இதுகூட எல்லாருக்கும் ஓரளவு தெரியும். தெரியாதது என்னன்னா, ஒரு சீட்டுக்கு ஒரு தடவதான் மருந்து குடுக்கலாம், திரும்ப குடுக்கலாம்னு டாக்டரே அதுல எழுதியிருந்தாதான் ரெண்டாவது தடவ. அதாவது பீரோவுல இருக்குற சீட்ட நீங்க கையோட கொண்டுபோயிருந்தாலும், அதுல "ரிப்பீட்"னு எழுதலன்னா கறாரான கடைக்காரர் குடுத்திருக்க மாட்டார்.

காலி அட்டைய பத்தியும் ஒண்ணு சொல்லணும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தாதான் தெரியும், பாதிப்பேர் கொண்டு வாரது கத்திரியால வெட்டின துண்டு, பேர்ல பாதி இருக்கும், 250ஆ 500ஆங்கறது வெட்டுபட்டு போயிருக்கும். முழு அட்டையாவே இருந்தாலும் அது யாருக்கு, நாளைக்கு எத்தன, போன வாரம் டாக்டர் டோஸ மாத்தினாரா, அதெல்லாம் அதுல எங்க இருக்கு?

அவசரத்துக்குன்னு தனியா ஒரு வரி நம்ம சட்டத்துல இல்ல. வெளிநாட்டுல இருக்கு. இங்கிலாந்துல பார்மசிஸ்டே நோயாளிகிட்ட விசாரிச்சு, வழக்கமா சாப்பிடுற மாத்திரைதான்னு உறுதியானா 30 நாளைக்கு வரைக்கும் குடுக்கலாம், போதை வகையில சேந்த சில மருந்துக்கு மட்டும் 5 நாள்தான். அமெரிக்காவுல பல மாநிலத்துல 3 நாளைக்கு குடுக்க வழி வச்சிருக்காங்க. ஒஹாயோல கெவின் ஹவுட்ஷெல்னு 36 வயசு ஆளு, 2013 கடைசி நாள்ல இன்சுலின் வாங்கப்போனா சீட்டு காலாவதி ஆயிருக்கு, டாக்டரையும் புடிக்க முடியல, சில நாள்ல ஆளே போயிட்டார். பெத்தவங்க விடாம போராடி 2015ல அங்க சட்டத்தையே மாத்த வச்சாங்க, அதுக்கு கெவின் சட்டம்னே பேரு. இங்கயும் பார்மசிஸ்ட் ரிஜிஸ்டர்ல எழுதி வச்சுட்டு மூணு நாள் மாத்திரை குடுக்க விடணுங்கறது என்னோட கட்சி. இப்ப பாருங்க, குடுக்காத கடைல ஒண்ணுகூட கெடையாது, குடுக்குற கடைல கேள்வியே கேக்காம அட்ட அட்டயா.

சரி, அன்னைக்கு ராத்திரி என்ன செஞ்சிருக்கலாம்? போன் போட்டிருக்கலாம். 2020 மார்ச் 25ல, லாக்டவுன் ஆரம்பிச்ச அன்னைக்கு, டெலிமெடிசின், அதாவது போன்ல வைத்தியம் பாக்குறதுக்கு வழிகாட்டுதல் வந்துச்சு. ஆறு மாசத்துக்குள்ள நேர்ல பாத்த டாக்டர், அதே நோய்க்கு அதே மாத்திரைய (போதை, மனமயக்க வகைல சேந்தது தவிர) போன்ல பேசியே எழுதித் தரலாம், கையெழுத்து போட்ட சீட்ட போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பினாலே செல்லும். முக்கியமா நம்மள மாதிரி பார்டர்காரங்களுக்கு, இந்தியாவுல ரெஜிஸ்டர் ஆன டாக்டர் எந்த மாநிலத்து நோயாளிக்கும் எழுதலாம், அதனால தென்காசி டாக்டர் சீட்டு புனலூர்ல செல்லாதுன்னு யாரும் சொல்ல முடியாது. பேரு, வயசு, தேதி, டாக்டரோட ரெஜிஸ்டர் நம்பர் தெளிவா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. அந்த கம்பெனி மாத்திரை அங்க இல்லன்னா கடைக்காரர் அவரா வேற எடுத்து குடுக்கக்கூடாது, அதையும் போன்லயே டாக்டர்கிட்ட கேட்ருங்க, வலிப்புக்கு கம்பெனி மாறாம இருக்குறதுதான் நல்லது.

டாக்டர் எடுக்கலன்னா இ-சஞ்சீவனில ஃப்ரீயா அரசாங்க டாக்டர்கிட்ட பேசலாம். அதுவும் கெடைக்கலன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, நேரா புனலூர் தாலுக்கா ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி. வலிப்பு மாத்திரைய திடீர்னு நிறுத்தினா நிக்காத வலிப்பே வரலாம். இன்சுலின், ரொம்ப நாளா ஓடுற ஸ்டீராய்டு, மெட்டோபுரோலால் மாதிரி இதய மாத்திரை, இதயத்துல ஸ்டென்ட் வச்சவங்க ரத்தம் கட்டாம இருக்க போடுற க்ளோபிடோக்ரெல், இதெல்லாமும் அந்த வகைதான், நாள் தள்ளக்கூடாது.

அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்ப "மூணு மாசம் ரிப்பீட்"னு எழுதச் சொல்லுங்க, நாமளா கேட்டாதான் எழுதுவாங்க. அந்த சீட்ட அப்பா போன்லயும் உங்க போன்லயும் போட்டோ எடுத்து வச்சுருங்க.

ஆரியங்காவு தாண்டி கேரளாவுக்குள்ள போனா அஜித்ரோமைசின் மாதிரி ஒரு ஆன்டிபயாட்டிக் கூட சீட்டு இல்லாம தரமாட்டேங்காங்க, நம்ம பக்கம் கேட்டா எடுத்து நீட்டுதாங்க. ஒரே நாட்டுல ரெண்டு சட்டமா அண்ணாச்சி?
- புளியரை வாசகர்

சட்டம் ஒண்ணுதான் தம்பி, 1940ல வந்த மருந்து சட்டம் மலைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒரே மாதிரிதான். (1956 நவம்பருக்கு முன்னாடி நம்ம செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சில இருந்ததுதானே.) வித்தியாசம் சோதனைல இருக்கு. 2024 ஜனவரில கேரளா மருந்து கட்டுப்பாட்டுத்துறை ஆபரேஷன் அம்ரித்னு ஒண்ண ஆரம்பிச்சு, சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக் விக்கிற கடைகள புடிக்க எறங்கினாங்க, அதுலேருந்து அங்க பலபேர் ரிஸ்க் எடுக்கறதில்ல. அவங்க செய்யறதுதான் சரின்னு நான் சொன்னா நம்ம ஊர் கடைக்காரங்களே என்ன அடிக்க வருவாங்க, இருந்தாலும் அதான் சரி. மேல சொன்ன வலிப்பு மாத்திரை கேஸ் வேற, இது வேற. ஆன்டிபயாட்டிக்குக்கு "வழக்கமா சாப்பிடுறதுதான்"ங்கற பேச்சே கெடையாது, ஒவ்வொரு தடவயும் டாக்டர் பாத்துதான் வேணுமா வேண்டாமான்னு சொல்லணும், ஜலதோஷத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

தைராய்டு மாத்திரை ரெண்டு நாள் விட்டுப்போச்சு. மூணையும் சேத்து போட்டுறலாமா?
- தென்மலை எஸ்டேட் வாசகி

வேண்டாம்மா. அந்த மருந்து உடம்புல பாதியா கொறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆயிறாது. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு வழக்கம்போல போடுங்க. மாசமா இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க.

எங்க மாமாவுக்கு தூக்கத்துக்கு அல்பிரசோலம். பழைய சீட்டு இருக்கு, கம்பத்துலயும் தரல குமுளிலயும் தரல. அவர் ராத்திரி பூரா நடந்துகிட்டே இருக்கார்.
- கம்பம் வாசகர்

தரமாட்டாங்க, தரவும் கூடாது. அட்டைல சிவப்பு கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கும் பாருங்க, அது எச்1 மருந்து, மேல சொன்ன ஷெட்யூல் எச்ச விட கறாரான பட்டியல்ல இருக்குறது. 2014 மார்ச்லேருந்து இதுக்கு தனி ரிஜிஸ்டர், டாக்டர் பேரு, உங்க மாமா பேரு, எத்தன மாத்திரைன்னு எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும், அதிகாரி வந்து பொரட்டிப் பாப்பாங்க. ஆனா மாமா நடந்துகிட்டே இருக்கார்னு எழுதியிருக்கீங்களே, அத நான் சும்மா விட மாட்டேன். மாசக்கணக்கா போட்டுட்டு திடீர்னு நின்னா தூக்கம் போறதோட முடியாது, கை நடுங்கும், படபடக்கும், சிலருக்கு வலிப்பு கூட வரும். பழைய சீட்ட எடுத்துகிட்டு இன்னைக்கே கம்பம் ஜி.எச்.சுக்கு கூட்டிட்டு போங்க, எத்தன நாளா எவ்வளவு போடுறார்னு மறைக்காம சொல்லச் சொல்லுங்க, நிறுத்தணும்னாலும் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுதான் நிறுத்துவாங்க. தெரிஞ்சவங்க வீட்லேருந்து நாலு மாத்திரை கடன் வாங்குற வேலை மட்டும் வேண்டாம்.