ஒழுகுவது ஓரிடம், ஓட்டை வேறிடம்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கூரையைப் பற்றியவை. உள்ளூராட்சி சபையொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யாழ்ப்பாணம் கொக்குவிலில் பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டை வாடகைக்குக் கொடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆகவே வீட்டுக்காரரின் புலம்பலும் தெரியும், சில மேசன்மாரின் கண்கட்டு வித்தையும் தெரியும்.

கேள்வி: கோண்டாவிலில் உள்ளது அம்மாவின் சீதன வீடு, ஓட்டுக்கூரை. வங்கி ஊழியர் ஒருவர் குடும்பத்துடன் மாதம் 30,000 ரூபாய்க்கு இருக்கிறார். நடு அறை மூன்று மாரியாக ஒழுகுகிறது. இரண்டு தடவை மேசனைக் கூப்பிட்டு ஓடு மாற்றினேன். அதே இடத்தில் அதே ஒழுக்கு. இப்போது வாடகையைக் குறைக்கச் சொல்கிறார். நான் ஓய்வூதியத்தில் வாழ்பவள். என்ன செய்ய? – ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: ரீச்சர், அந்த மேசனை மூன்றாம் முறை ஏற்றாதீர்கள். ஒழுக்கு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓடு மாற்றுபவருக்குத் தண்ணீரின் போக்குத் தெரியவில்லை. ஓட்டுக்கு அடியில் புகுந்த நீர் உடனே கீழே விழாது. கூரையைத் தாங்கும் மரச் சலாகையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, ஒரு மூட்டிலோ ஆணியிலோ தடைப்பட்ட பிறகுதான் சொட்டும். ஓட்டை பெரும்பாலும் முகட்டுப் பக்கமாகச் சில அடி தள்ளி இருக்கும்.

வெயில் ஏறிய நேரத்தில் கதவு, யன்னல்களைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓடு விலகியிருக்கிறது. தெரியாவிட்டால் ஒருவர் ஏணியில் நின்று தாழ்வாரப் பக்கத்திலிருந்து முகட்டை நோக்கி, அடியடியாக வாளித் தண்ணீர் ஊற்றட்டும். நீங்கள் உள்ளே நின்று பாருங்கள். மேலிருந்து ஊற்றத் தொடங்கினால் எல்லாம் நனைந்து ஒன்றும் விளங்காது. மேலே போகிறவர் ஓட்டின் நடுவில் கால் வைக்கக் கூடாது. ஒன்றை மாற்றப் போய் இரண்டை உடைத்துவிட்டு இறங்குபவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பழைய ஓட்டுக்கு நடுவில் புதிய ஓட்டைச் செருகியிருந்தால் அதையும் பாருங்கள். அளவில் சிறிது வித்தியாசம் இருந்தாலே ஒன்றோடொன்று கவ்வாது, காற்றோடு வரும் மழை அந்த இடுக்கால் நுழைந்துவிடும்.

கூரைத் தண்ணீர் வடிந்தோடும் பீலியை மறந்துவிடாதீர்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை கொட்டியபோது என் வீட்டில் குடியிருந்தவர்கள் ஒன்பது சட்டி வைத்தார்கள். எந்தச் சட்டி முதலில் நிறையும் என்று பிள்ளைகள் பந்தயமே கட்டினார்களாம். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை போரால் மூடியிருந்த காலம், ஒரு பை சீமெந்து குதிரைக்கொம்பு. தறப்பாள் விரித்து, பறக்காமல் கல் வைத்தோம். மழை விட்ட பின் ஏறிப் பார்த்தால் ஓர் ஓடுகூட உடைந்திருக்கவில்லை. இரண்டு கூரைகள் சேரும் பீலியில் வேப்பஞ்சருகு நாலு விரல் தடிப்பில் மக்கிக் கிடந்தது. அதில் ஒரு வேப்பங்கன்று வேறு முளைத்து நின்றது! வழி அடைபட்ட தண்ணீர் பீலியின் விளிம்பைத் தாண்டி வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த வருடம் முழுவதும் நான் குடியிருந்தவர்களின் பிள்ளைகள் கூரையில் பந்து எறிந்ததாகச் சொல்லித் திரிந்தேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆள் ஏறும்போதே பனஞ்சலாகைகளையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வைரம் பாய்ந்த பனை கணீரென்று ஒலிக்கும். கறையான் தின்றது சத்தமே தராது, திருப்புளியை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். அப்படி ஒன்று இருந்தால் ஓடு மாற்றும் காசு வீண்.

இனி வாடகை. இலங்கையில் வீட்டு வாடகை விடயங்களுக்கு அடியில் கிடப்பது ரோமன் டச்சுச் சட்டம். வேறு விதமாக உடன்படாவிட்டால் கூரையும் சுவரும் வீட்டுக்காரரின் தலையில்தான். குடியிருப்பவர் கவனக்குறைவால் உடைத்தது அவர் தலையில். உங்கள் ஒழுக்கு எந்த வகை என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த அறையைப் பாவிக்க முடியாத மாதங்களுக்கு மட்டும் ஒரு தொகையைக் கழித்துவிடுங்கள். நிரந்தரமாகக் குறைக்க வேண்டாம். கழித்ததையும், எந்த மாதம் வரை என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மூன்று மாரி பொறுத்த ஆள், ரீச்சர். அவர் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கும் இரண்டு மாதத்தில் இதைவிடக் கூட இழப்பீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் பல்கலைக்கழக மாணவர் மூவர். மின்மானி ஒன்றுதான். ஒவ்வொரு மாதமும் பில்லில் சண்டை. – இ. க.

பதில்: உப மீற்றர் ஒன்றைத் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பொருத்துங்கள். ஆனால் கணக்கு அத்தோடு முடியாது, தம்பி. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரண்டு குடும்பத்தின் பாவனை ஒரே மானியில் சேரும்போது எல்லோரும் மேல் படிக்குப் போய்விடுகிறீர்கள். ஆகவே அலகுக்கு இவ்வளவு என்று நீங்களாக விலை வைக்காமல், மொத்தப் பில்லை இரு பக்க அலகுகளின் விகிதத்தில் பிரியுங்கள். பில்லைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அப்படியே அவர்களின் கேத்தலையும் ஒரு முறை திறந்து பாருங்கள். நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அடியில் ஓடாகப் படிந்திருந்தால் தண்ணீர் கொதிக்க நேரமெடுக்கும், மின்சாரமும் கூடப் போகும். தேசிக்காய்ப் புளி ஊற்றிக் கொதிக்கவைத்தால் கழன்றுவிடும்.

கேள்வி: மானிப்பாயில் உள்ள என் வீட்டில் உறவினர் ஒருவர் ஒன்பது வருடமாக இருக்கிறார். சிறு தொகை வாடகை, எழுத்தில் ஒன்றுமில்லை. பத்து வருடமானால் வீடு அவருக்காகிவிடும் என்று இங்கே பயமுறுத்துகிறார்கள். – ரொறன்ரோ வாசகர்

பதில்: பாதி உண்மை, பாதி புரளி. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பேசும் பத்து வருடம், உரிமையாளருக்கு எதிராக, தனதென்றே ஆண்டு வந்தவருக்கானது. வாடகை கொடுத்து இருப்பவர் உங்களை உரிமையாளராக ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார். சிக்கல் அதை நிரூபிப்பதில். பற்றுச்சீட்டு இல்லை, கடிதம் இல்லை, காசை அவர் உங்கள் அத்தையின் கையில் கொடுத்திருப்பார். அத்தைக்கு வயது என்ன?

இந்த மாதம் முதல் வாடகையை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு உங்களுக்காகச் செயற்படும் அற்றோணித் தத்துவம் கொடுத்து, உறுதி எழுதும் பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் குத்தகை எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840இலிருந்தே உள்ள விதி. வெறும் தாளில் ‘ஐந்து வருடம்’ என்று எழுதி வைத்திருப்பவர்கள் கவனிக்க. திருத்த வேலை யாருடையது என்ற பந்தியையும் அதில் சேருங்கள். உறவுக்காரரிடம் தாள் கேட்பது கூச்சம்தான். வழக்குப் போட்டால் உறவு இன்னும் கூசும்.

கேள்வி: போன பங்குனியில் மலக்குழி இறைத்தேன். கார்த்திகையில் மறுபடி நிரம்பிவிட்டதாம். ஐந்து பேர் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேரை வைத்திருக்கிறார்களா? – சுன்னாகம்

பதில்: ஆட்களை எண்ணுமுன் கிணற்றை எட்டிப் பாருங்கள். மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும். அடி பூசாத பழைய குழிக்குள் அந்த நீர்தான் ஏறியிருக்கும். பவுசரைக் கூப்பிட்டு இறைத்தாலும் இரண்டு நாளில் பழைய மட்டத்துக்கு வந்து நிற்கும், கொடுத்த காசு நிலத்துக்குள் போகும். தை, மாசி வரை பொறுத்து, நீர் இறங்கிய பின் அடியையும் சுவரையும் பூசிக் கட்டுங்கள். அதுவரை குடியிருப்பவர்கள் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கட்டும். நம் சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகள் அதிகம், குழியில் இருப்பது கிணற்றுக்குப் போக வெகுநேரம் ஆகாது.

கேள்வி: வாடகைக்கு இருப்பவர் சுவர் முழுக்க ஆணி அடிக்கிறார். எப்படித் தடுப்பது? – சுண்டுக்குளி

பதில்: பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆணி நிற்காது. நாலைந்து படம் விழுந்த பிறகு அவரே நிறுத்திவிடுவார். பொருக்கு உதிர்ந்த இடங்களைப் பூசும் செலவை மட்டும் அவரிடம் கேளுங்கள்.