அனெக்ஸும் அட்வான்ஸும்

அன்பின் ஐயா,

நான் கொழும்புக் கம்பஸில் மூன்றாம் வருடம். ஊர் வவுனியா. போன மாதம் எங்களுக்கு எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், முடிந்தது. அவரும் என் பட்ச்தான். இப்போது ஆளுக்கொரு விடுதியில் இருக்கிறோம். வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய வாடகைப் பகுதி) பார்த்தோம். மாதம் 40,000, ஆறு மாத அட்வான்ஸ். எனக்கு மகாபொல புலமைப்பரிசில் வருகிறது, அவருக்குப் பேர்சரி என்கிற உதவித்தொகை. மாணவர்களுக்கு வட்டியில்லாக் கடன் இருக்கிறது என்கிறார்கள். எடுக்கலாமா?

ம.

அன்பின் ம.,

வாழ்த்துகள். முதலில் கடன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அது ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பாஸ் பண்ணியும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காமல் தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கானது. உங்களுக்குக் கிடைக்காது.

2025இல் மகாபொல மாதம் 5,000இலிருந்து 7,500 ஆனது, பேர்சரி 6,500 ஆனது. அந்தக் கணக்கில் இரண்டும் சேர்ந்தால் 14,000. வாடகையில் பாதிகூட இல்லை. அதோடு, வீட்டுக்காரர் ஒன்றாம் திகதி வாசலில் நிற்பார். மகாபொலவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நீங்கள் கணக்கில் எழுதாமல் விட்ட வரவு ஒன்று இருக்கிறது: வீட்டிலிருந்து வருகிற காசு. நானும் என் மனைவியும் இறுதி வருடத்தில் கல்யாணம் கட்டினவர்கள்தான். எழுத்து முடிந்த அடுத்த மாதமே இரண்டு வீட்டுக் காசும் நின்றுவிட்டது. யாருக்கும் கோபமில்லை. 'இனி அவர் பார்ப்பார்தானே' என்று மாமா நினைத்தார். குடும்பஸ்தனுக்குக் காசு அனுப்பினால் குறைவாக நினைப்பானோ என்று அப்பாவுக்குக் கூச்சம். எங்களுக்கோ கேட்க வெட்கம். கணக்கெழுதிய சீ.ஆர். கொப்பியில் செலவுப் பக்கம் அடிவரை இறங்கியிருக்கும், வரவுப் பக்கத்தில் ரியூஷன் காசு ஒரு வரி. களுபோவிலையில் அறை. பத்து மணிக்குப் பிறகு லைட் எரிந்தால் வீட்டுக்கார அம்மா ஜன்னலில் தட்டுவார், கரண்ட் பில் ஏறுமாம். மேசை விளக்கைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டுதான் ஃபைனலுக்குப் படித்தோம்.

அதனால் அனெக்ஸ் பார்ப்பதை நிறுத்திவிட்டு, லீவுக்கு இரண்டு வீட்டுக்கும் போங்கள். பட்டம் முடியும்வரை யார் எவ்வளவு அனுப்புவார்கள் என்று வாய்திறந்து கேளுங்கள். தொகை தெரிந்தபிறகு இடம் தேடலாம். வெள்ளவத்தை ஏன் பிடிக்கிறது என்று எனக்கும் தெரியும். கோயில் பக்கத்தில், கடையில் தமிழ், இரவு ஒன்பதுக்கும் தோசை. ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் வாடகை. கிருலப்பனை, நுகேகொடைப் பக்கமும் பாருங்கள், 138 பஸ் இருக்கிறது. அட்வான்ஸை எப்போது திருப்பித் தருவார்கள், எத்தனை மாதம் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அக்ரிமென்ட் சிங்களத்தில் இருந்தால் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். அப்புறம், இரண்டு பேரும் ஒரே நாளில் விடுதியை விட்டுவிடாதீர்கள். விட்ட கட்டில் திரும்பக் கிடைப்பது லேசில்லை.

ஆளுக்கொரு விடுதியில் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. களுபோவிலைக்கு முன் நான்கு மாதம் விகாரமகாதேவிப் பூங்காதான் எங்கள் வீடு. மழை வந்தால் வீடு இல்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஆறு மாத அட்வான்ஸ் என்றால் 240,000. அது எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதவேயில்லை. தாலிக்கொடி என்றால், அடகு வைக்கப் போகுமுன் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.