வயலை விற்காதீர்கள் அண்ணை

முத்தையன்கட்டில் நெல் செய்யும் ஒரு தகப்பனும் தாயும் மகளின் உயர்தரப் பெறுபேற்றோடு என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறுதான், ஆனால் மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி காணாது. கனடாவிலிருக்கும் சித்தப்பா, "வெளிநாட்டில காசு கட்டிப் படிப்பிப்பம், வயலை வித்தாச் சரி" என்கிறாராம். பிள்ளை வாய் திறக்கவில்லை.

ஆறுதல் சொல்லிப் பயனில்லை. வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வந்தாலும் இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடையாமல் இங்கே தொழில் செய்ய முடியாது. வயலும் போய்விட்டால் அதுவரை வீடு எதில் ஓடும்? சித்தப்பா முதல் வருடக் காசை அனுப்புவார். கடைசி வருடக் காசைப் பற்றி அவரிடம் கேட்டீர்களா அண்ணை?

பிள்ளையோடு தனியே கதைத்தேன். அம்மம்மாவுக்குத் தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தபோது கூட நின்றவள். முதலில் கட்டியைச் சுருக்கிய மருந்து பிறகு ஏன் கேட்கவில்லை என்பது அவளை இன்னும் குடைகிறது. அதற்கு விடை தேடுகிற இடம் ஆய்வுகூடம்.

எங்கள் கலங்களில் டி.என்.ஏ. நாளும் பழுதாகிறது, திருத்தும் நொதியங்கள் ஓயாமல் சரிசெய்கின்றன. இதற்கு உதவும் பிஆர்சிஏ பரம்பரையலகு பழுதாகப் பிறந்தவர்களுக்கு இந்தத் திருத்தம் பிசகி, விகாரங்கள் சேர்ந்து, மார்பிலும் சூலகத்திலும் புற்று வரும் ஆபத்து கூடும். சரி, திருத்தம் எப்போதும் நல்லதா? இல்லை. கீமோவும் கதிரும் டி.என்.ஏ.யை உடைத்தால், சில புற்றுக் கலங்கள் அதைத் திருத்திக்கொண்டு தப்பிவிடும். தப்பியவை மீண்டும் வளரும், வேறு உறுப்புகளுக்கும் பரவும். மூளைக் கட்டிக்குக் கொடுக்கும் டெமோசோலமைடு மருந்து செய்த முக்கிய சேதத்தை எம்ஜிஎம்டி என்ற ஒரே புரதம் நீக்கிவிடும். ஒலாபரிப் என்ற மருந்து இதை மறுபக்கமாகப் பயன்படுத்துகிறது: பிஆர்சிஏ கெட்ட கலத்தில் பார்ப் என்ற இன்னொரு திருத்த நொதியத்தையும் மறித்தால் கலம் திருத்த வழியின்றிச் சாகும்.

இந்தத் திருத்த வேலையை விளக்கியதற்காக 2015இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் அசீஸ் சங்கார். எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளை, துருக்கியில் ஊர் டொக்டராக இருந்தவர். சித்தப்பா ஆசைப்படும் வேலையை விட்டுவிட்டுத்தான் இதற்குள் வந்தார்!

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் படிக்கலாம். அரச பல்கலைக்கழகம், கற்கைக் கட்டணமில்லை, தகுதியிருந்தால் மகாபொல உதவித்தொகை கிடைக்கும். லீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக் குழாயில் உறிஞ்சி எடுக்கப் பழகுவாள். இரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரிப்பாள், பிசிஆர் முறையில் அதைப் பல பிரதிகளாக்குவாள், ஜெல்லில் ஓடவிட்டுப் புறஊதா வெளிச்சத்தில் கோடுகளைப் பார்ப்பாள். கோடு வராத நாள்கள்தான் அதிகம். பொறுமையில்லாத பிள்ளைக்கு இது சரிவராது, இவளுக்கு வரும்.

வன்னியில் இந்தப் படிப்புக்கு வேலை அரிது, அதை மறைக்கமாட்டேன். மேற்படிப்புக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்துறையில் பிஎச்டி செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை, மாதப்படியும் கொடுப்பார்கள். ஆங்கிலத்தை மட்டும் இன்றைக்கே தொடங்கவேண்டும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை எந்த ஒழுங்கில் எழுதுகிறோம் என்பது முக்கியம். முடிவுத் திகதிக்கு முன் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். சித்தப்பாவுக்கு அப்புறம் போன் எடுக்கலாம்.