வெயிலே வரைஞ்சு தரும்

கேள்வி: லீவுல சும்மா சுத்திட்டு இலையெல்லாம் பொறுக்கிட்டு வர்றேன், வரையவும் ஆசை, ஆனா சுத்தமா வரைய வரல, என்ன பண்ணலாம்?

பதில்: வெயிலையே வரைய விடுங்க! சயனோடைப்னு ஒரு முறை, 1842ல ஜான் ஹெர்ஷல்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடிச்சது, ரெண்டு இரும்பு உப்பு கரைசலைக் கலந்து பேப்பர்ல பூசி இருட்டுல காயவெச்சு, மேல இலையை வெச்சு கண்ணாடியால அழுத்தி நல்ல வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சுட்டு தண்ணியில அலசினா போதும், வெயில் பட்ட இடம் ஆழமான நீலம், இலை மறைச்ச இடம் வெள்ளை. பூசின பேப்பர் ரெடிமேடாவே கிடைக்குது, முதல்ல அதுல ஆரம்பிங்க. பெரணி மாதிரி மெல்லிசா பிரிஞ்ச இலைன்னா ஓரமெல்லாம் அவ்ளோ அழகா விழும். பறிக்காதீங்க, உதிர்ந்ததே நிறைய கிடக்கும். பேப்பருக்குப் பின்பக்கம் தேதி, இலை எடுத்த இடம் எழுதிடுங்க, எனக்கு அந்தக் குறிப்புதான் ரொம்பப் புடிக்கும்.