கடைசல் மன்றம் நடத்துகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி–பதில்

லேத் என்னும் இயந்திரத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் வடிவம் கொடுக்கும் மரக்கடைசலைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள ஊரளவில் ஒரு மன்றம் தொடங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, பணி ஓய்வு பெற்ற நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து தலைக்கு ஐயாயிரம் வீதம் 40,000 ரூபாய் திரட்டி வைத்திருக்கிறோம். எங்களில் யாருக்கும் லேத்தில் வேலை செய்து பழக்கமில்லை. முழுத் தொகைக்கும் ஒரு நல்ல லேத் வாங்கிவிடலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். கையிலுள்ள பணத்தில் பாதிக்கு மேல் லேத்துக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் லேத்தின் மீதே கண்ணாக இருக்கிறார்கள். ஆனால் கடைசலில் கை திருந்துவதும் திருந்தாமல் போவதும் சாணைக் கல்லைப் பொறுத்தது. ஒரு கிண்ணத்தைக் கடைந்து முடிப்பதற்குள் உளியைப் பல முறை தீட்ட வேண்டியிருக்கும். அதற்குச் சாணைக் கல்லைச் சுழற்றும் நல்ல கிரைண்டரும், ஒவ்வொரு முறையும் உளியின் வாய் ஒரே கோணத்தில் கல்லில் படும்படி பிடித்துக்கொள்ளும் ஒரு தாங்கியும் இல்லையென்றால், எட்டுப் பேரும் எட்டு விதமாகத் தீட்டி, நான்கே மாதத்தில் உளிகளைத் தேய்த்துத் தீர்த்துவிடுவீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்றுச் சுற்றும். 1,440 சுற்று மோட்டார் பொருத்தியது கிடைத்தால் அதை வாங்குங்கள், பழகாத கைக்கு அதுதான் நிதானமாக இருக்கும்.

உளி கூராக இருக்கிறதா என்று அறிய நகத்தில் வைத்துப் பார்க்கவேண்டியதில்லை, லேத்தின் அடியில் குனிந்து பார்த்தாலே போதும். சீவல் சுருள் சுருளாக விழுந்திருந்தால் உளியில் கூர் இருக்கிறது. மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் உடனே நிறுத்திவிட்டுச் சாணைக்குப் போகவேண்டும். எங்கள் மன்றத்தில் முதல் இரண்டு கூட்டங்களில் யாரையும் லேத்தைத் தொடவிடாமல் தீட்டுவதற்கு மட்டுமே பழக்கினோம். முணுமுணுத்தவர்கள் உண்டு, ஆனால் அவர்கள்தான் இன்று மற்றவர்களின் உளியைப் பிடுங்கித் தீட்டிக் கொடுக்கிறார்கள்.

மீதிப் பணத்தில் முகம் முழுவதையும் மறைக்கும் கவசங்கள் இரண்டும், ஹைஸ்பீடு எஃகில் செய்த நான்கு உளிகளும் வாங்குங்கள். பழைய அரத்தைத் தேய்த்து உளியாக்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அரத்தின் எஃகு கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையுள்ளது. சுற்றும் மரத்தில் சிக்கினால் ஒடிந்து முகத்துக்கு வரும். லேத்தை வைக்கும்போது, சுழலும் அச்சு உங்கள் முழங்கை உயரத்துக்கு வரும்படி மேடையை அமைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கும் உயரம் ஒன்றாக இருக்காது என்பதால் உயரமானவருக்கு ஏற்றபடி லேத்தை வைத்துவிட்டு, குள்ளமானவர் ஏறி நிற்க ஒரு பலகைத் தட்டு செய்துகொள்வது எளிது.

கேள்வி: எங்கள் மன்றம் தொடங்கி ஓராண்டாகிறது. மாதந்தோறும் நன்கு தெரிந்த உறுப்பினர் ஒருவர் செய்து காட்டுவார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். முதலில் முப்பது பேர் வந்தார்கள். இப்போது பத்துப் பேர் வந்தால் அதிகம். என்ன தவறு செய்கிறோம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கேள்வியிலேயே பதில் இருக்கிறது: மற்றவர்கள் பார்க்கிறார்கள். கச்சேரியை மாதாமாதம் உட்கார்ந்து கேட்கலாம், கடைசலை எத்தனை மாதம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? செய்து காட்டுவதை நாற்பது நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டு, மீதி நேரத்தை உறுப்பினர்களின் கைக்குக் கொடுத்துவிடுங்கள். லேத் ஒன்றுதான் என்றால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று வரிசை வைத்து, அந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். இல்லையென்றால் நன்றாகத் தெரிந்தவரே கடைசி வரை உளியை விடமாட்டார். அது அவருடைய குற்றமில்லை, கடைசலின் ருசி அப்படி.

பதினைந்து நிமிடத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பம்பரம் செய்யலாம். ஒரு விரற்கடைத் தடிமனில் எஞ்சிய துண்டு மரம் போதும். தவறிப்போனாலும் நட்டமில்லை, சரியாக வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாம். பம்பரம் தலையாட்டாமல் நின்று சுற்றினால் எடை எல்லாப் பக்கமும் சமமாக விழுந்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும், ஆசிரியர் மதிப்பெண் போடவேண்டியதில்லை. அடுத்து மத்து, அதற்கடுத்துச் சப்பாத்திக்கட்டை, பிறகுதான் கிண்ணம்.

அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய கடைசலாளர் சங்கத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊர் மன்றங்கள் பலவற்றில் உள்ள வழக்கம் ஒன்றை நாங்களும் எடுத்துக்கொண்டோம். அன்று செய்து காட்டப்பட்ட பொருளைக் கூட்டத்தின் முடிவில் குலுக்கிப்போட்டு ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அதைப் பெற்றவர் அடுத்த மாதம் தாமே கடைந்த ஒரு பொருளைக் கொண்டுவந்து அதே குலுக்கலில் வைக்க வேண்டும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பரிசு விழுந்தவர் கட்டாயம் வருவார், அவர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்க்க மற்றவர்களும் வருவார்கள்.

கேள்வி: சென்ற மாதக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் கிண்ணம் கடைந்துகொண்டிருந்தபோது கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து சுவரில் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அவர் இனி வரமாட்டேன் என்கிறார், மற்றவர்களும் பயந்திருக்கிறார்கள். என்ன விதிகள் வைக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: அவர் எந்த உளியைப் பிடித்திருந்தார் என்று முதலில் விசாரியுங்கள். நீள வாக்கிலுள்ள கட்டையின் மூலைகளை உருட்டி எடுப்பதற்கென்று அகலமான குழிவுளி ஒன்று உண்டு. ரஃபிங் கௌஜ் என்பார்கள். கிண்ணக் கட்டையில் மரத்தின் ரேகை குறுக்காக ஓடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உளியின் முன்னால் மரத்தின் முனைப்பகுதி வந்து மோதும். அந்த உளியின் கைப்பிடிக்குள் போகும் வால் மெல்லியது, அந்த மோதலை அது தாங்காது. அதனால் அந்த உளியைக் கிண்ணத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. எங்கள் பட்டறையில் அதன் பிடியில் சிவப்பு வண்ணம் பூசி வைத்திருக்கிறோம்.

அடுத்தது வேகம். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகை 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது கடைசல்காரர்கள் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. அதுவும் கட்டை வட்டமாகிச் சமநிலைக்கு வந்த பிறகு. கோடாலியால் கொத்திய கரடுமுரடான கட்டையை அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் தொடங்க வேண்டும். முன்பு இரண்டு அங்குலக் கம்பு கடைந்தவர் லேத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெல்ட்டை மாற்றாமல் விட்டுப்போக, அடுத்து வந்தவர் அதே வேகத்தில் பெரிய கட்டையை மாட்டி சுவிட்சைப் போடுவதுதான் மன்றங்களுக்கே உரிய ஆபத்து. தனியாக வேலை செய்கிறவருக்கு இது அவ்வளவு எளிதில் நேராது. நானே ஒரு முறை அப்படிப் போட்டேன். லேத் மேடையோடு நடந்து வந்தது, சுவிட்சை அணைக்கக் கை எட்டவில்லை, சுவரிலிருந்த மெயினை ஒருவர் ஓடிப்போய் நிறுத்தினார். அன்று மாலையே, வேலை முடித்தவர் பெல்ட்டை மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கி வைத்துவிட்டுத்தான் நகரவேண்டும் என்று முடிவெடுத்தோம்.

கட்டையை மாட்டியதும் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்ப்பது, சுவிட்சைப் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காமல் விலகி நிற்பது, உப்புத்தாள் போடும்முன் உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டைக் கழற்றுவது, துப்பட்டாவையும் முந்தானையையும் முழுக்கைச் சட்டையையும் கட்டி ஒதுக்குவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூசிக்கு முகக்கவசம் போடாதவரை லேத்தில் நிற்கவிடாதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

அந்த இளைஞரை நீங்களே நேரில் போய் அழைத்து வாருங்கள். வந்ததும் பம்பரம் கடையக் கொடுங்கள்.

கேள்வி: மரத்துக்கு எங்கே போவது? மன்றத்துக்குப் பதிவு அவசியமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் பகுதியில் 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மாவும் பலாவும் விறகு விலைக்குப் போனதைப் பார்த்திருப்பீர்கள். கடைசலுக்குத் தேவைப்படுவது அப்படிப்பட்ட மரந்தான். மின்கம்பிக்காகக் கிளை வெட்டுகிற நாளும் மர அறுவை மில்லின் கழிவுக் குவியலும் மன்றத்துக்குப் போதும். பூவரசும் வேம்பும் நன்றாகக் கடைபடும். வாகையின் வைரப்பகுதி அழகானது, ஆனால் அதன் தூள் அடுக்குத் தும்மல் வரவழைக்கும். அரளி நச்சுமரம், தொடவேண்டாம். சந்தனத்தை வனத்துறை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது.

பச்சை மரத்தை வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகு பூசிவிடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு நாள் விட்டாலும் நட்சத்திரம் போல வெடித்துவிடும். பத்து அங்குலக் கிண்ணமென்றால் சுவரை ஓர் அங்குலக் கனத்தில் விட்டு முரட்டுக் கடைசலாக முடித்து, அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். வாரம் ஒரு முறை எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகு மறுபடி லேத்தில் ஏற்றுங்கள்.

பதிவு பற்றிச் சுருக்கமாக: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தை அணுகுங்கள். மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் வாடகை ஒப்பந்தமும் வேண்டியிருந்தால் பதிவு செய்வதே நல்லது.

கேள்வி: பரம்பரையாகக் கடைசல் பிடிக்கும் பெரியவர் ஒருவரை எங்கள் மன்றத்துக்கு அழைத்தோம். அவர் சம்மதித்தாலும், "எங்கள் பிழைப்பை நீங்கள் விளையாட்டாகச் செய்யப்போகிறீர்களா?" என்று அவருடைய மகன் கேட்டுவிட்டார். என்ன பதில் சொல்வது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் மரச் செப்புச் சாமான்களுக்குப் பேர்போன உங்கள் ஊரிலேயே பொழுதுபோக்குக்காரர்கள் அதே செப்புகளைக் கடைந்து மலிவாகச் சந்தையில் வைத்தால் அடிபடுவது அந்தக் குடும்பந்தான். மன்றத்தில் கடையும் எதையும் விற்பதில்லை என்று தீர்மானம் எழுதி, அதை மகனிடமே காட்டுங்கள்.

பெரியவரைச் சும்மா அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். அவர் பட்டறையில் ஒரு நாளில் எவ்வளவு சம்பாதிப்பாரோ அதற்குக் குறையாத தொகையை, கூடவே வரும் உதவியாளின் கூலியோடு சேர்த்து, காலையிலேயே கொடுத்துவிடுங்கள். சுற்றும் மரத்தில் அரக்குக் குச்சியை அவர் அழுத்தும்போது உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகிப் பிடித்துக்கொள்வதையும், அதன்மேல் தாழை மடலை வைத்து அழுத்தினால் கண்ணாடி போல மெருகேறுவதையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்பதை எழுதிக் கொடுக்க முடியாது. மன்றத்துக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படும் அரக்குக் குச்சிகளையும் அவர்களிடமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள். விலையை மகன் சொல்லட்டும்.