நோய்க்கொத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். ஆறு மாதங்களில் பதிவான 120 டெங்கு நோயாளிகளின் முகவரிகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளாக வைத்து, அடர்த்திக்கேற்ப நிறம் கொடுத்தேன். ஓரிடம் செக்கச்செவேலென்று நிற்கிறது. அதை நோய்க்கொத்து, அதாவது நோயாளிகள் வழக்கத்துக்கு மேல் திரண்ட இடம், என்று எழுதப்போனால், ‘காலம் எங்கே?’ என்கிறார் வழிகாட்டி. அவர் என்ன எதிர்பார்க்கிறார்?

ம.

அன்புள்ள ம.,

இப்போதைக்கு அப்படி எழுதாதீர்கள். மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் எந்த நோயைக் குறித்தாலும் சிவப்பாகத்தான் தெரியும். வழிகாட்டியின் கேள்வி மிகச் சரியானது. ஒரு தெருவில் ஆறு மாதத்தில் 12 பேருக்குக் காய்ச்சல் வருவது தற்செயலாகவும் நடக்கும். அதே 12 பேருக்கும் மூன்றே வாரத்தில் வந்திருந்தால், அங்கே தொற்றுச் சங்கிலி ஒன்று ஓடுகிறதா என்று தேடியாக வேண்டும்.

முதலில் முகவரியையும் தேதியையும் சரிபாருங்கள். பெரும்பாலான பொய்க்கொத்துகள் பிறப்பது இங்கேதான். முகவரியை ஆயத்தொலைவாக (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக) மாற்றும் மென்பொருள், தெருவைக் கண்டுபிடிக்க முடியாதபோது புள்ளியை அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடும். அப்படி முப்பது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் நிறம் சிவக்காமல் என்ன செய்யும்? அட்டவணையை ஆயத்தொலைவு வரிசையில் அடுக்குங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது அடுக்குமாடியா, விடுதியா, வெறும் மையப்புள்ளியா என்று பாருங்கள். தசமத்துக்குப் பின் இரண்டே இலக்கம் இருந்தால் துல்லியம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். நான்கு இலக்கம் இருந்தால் 11 மீட்டர். தூரம் கணக்கிடும் முன் அட்சரேகை, தீர்க்கரேகையை மீட்டர் அளவுக்கு மாற்றிவிடுங்கள்.

தேதி என்றால் அறிகுறி தொடங்கிய நாள். லேப் முடிவு வந்த நாளை வைத்தால், வாரம் ஒருமுறை மொத்தமாக முடிவு அனுப்பும் ஒரு லேபே ஒரு ‘கொத்தை’ உண்டாக்கிவிடும்.

இவை சுத்தமான பிறகு, இடத்தால் நெருங்கியவர்கள் காலத்தாலும் நெருங்குகிறார்களா என்று பார்க்கும் நாக்ஸ் சோதனை. 1964இல் வந்தது, இன்றும் உதவுகிறது. 120 நோயாளிகளை இருவர் இருவராகச் சேர்த்தால் 7,140 இணைகள். ஒவ்வோர் இணையும் இடத்தால் நெருக்கமா, காலத்தால் நெருக்கமா என்று கேட்கிறோம். எல்லையை நோயின் இயல்பே சொல்ல வேண்டும். டெங்கு வைரஸ் கொசுவுக்குள் முதிர 8 முதல் 12 நாள். கடிபட்டவருக்கு அறிகுறி தோன்ற 4 முதல் 10 நாள். ஆகவே 21 நாள் பொருத்தமான எல்லை. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசு அதிக தூரம் பறக்காது என்பதால் 200 மீட்டர் போதும். உதாரணத்துக்கு, 357 இணைகள் இடத்தால் நெருக்கம், 1,428 இணைகள் காலத்தால் நெருக்கம் என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கும் காலத்துக்கும் தொடர்பே இல்லையென்றால் இரண்டிலும் நெருங்கியவை 357 × 1,428 ÷ 7,140, அதாவது சுமார் 71 இருக்கும். உங்கள் தரவில் 110 இருக்கிறது என்றால் அது பெரிய வித்தியாசமா?

இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு தேதிகளை மட்டும் 999 முறை கலைத்துப்போட்டு எண்ணுங்கள். 4 முறை மட்டுமே 110ஐ எட்டியதென்றால், தற்செயலாகவே இவ்வளவு வருவதற்கான நிகழ்தகவு (4+1) ÷ 1,000 = 0.005. இந்த முறையின் அழகு, மக்கள்தொகை விவரமே தேவைப்படாததுதான். நெரிசலான தெரு ஒவ்வொரு கலைப்பிலும் அதே நெரிசலோடு இருப்பதால், அது மட்டும் காரணமாக எண்ணிக்கை கூடாது. ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: எல்லையைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள். 100, 150, 300 என்று மாற்றிமாற்றிப் பார்த்து, பலித்ததை மட்டும் எழுதினால் அந்த 0.005க்கு அர்த்தமில்லை.

கொத்து உண்டா என்பதைத்தான் நாக்ஸ் சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதற்கு இலவச மென்பொருளான சாட்ஸ்கேன் இருக்கிறது. வரைபடத்தின் மேல் உருளைகளை நகர்த்திப் பார்க்கும்: அடிவட்டம் இடம், உயரம் காலம். நோயாளிகளின் தரவு மட்டும் கையில் இருப்பதால் இட-கால வரிசைமாற்ற மாதிரியைத் (Space-Time Permutation) தேர்ந்தெடுங்கள். வட்டத்தின் உச்ச அளவை மாற்றாமல் விட்டால் மொத்த நோயாளிகளில் 50 சதவீதத்தினரை உள்ளடக்கும்வரை விரியும்; பாதி ஊரையே கொத்து என்று காட்டக்கூடும். அந்த அளவை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள். பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் நோய் ஏறினால் இந்த மாதிரிக்கு அது தெரியாது. ஆகவே வாரவாரியான மொத்த எண்ணிக்கையைத் தனியாக வரைந்து பக்கத்தில் வையுங்கள். வட்டத்தின் விளிம்பையும் நம்பாதீர்கள். கால்வாயோரமாக நீளும் பரவலை வட்டம் சரியாகப் பிடிக்காது.

இன்னொன்று: ஈடிஸ் பகலில் கடிக்கும் கொசு. வீட்டு முகவரியில் ஒன்றும் தெரியாவிட்டால் பள்ளி, வேலையிட முகவரிகளைக் கேட்டு வாங்கி மறுபடி ஓட்டுங்கள்.

அந்த 120 பேரில் எத்தனை பேருக்கு அறிகுறி தொடங்கிய தேதி இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். பாதிப் பேருக்குக்கூட இல்லையென்றால் மென்பொருளைத் திறக்கும் முன் நோயாளிகளிடம் தொலைபேசியில் கேட்டு நிரப்ப வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்